சிவப்பைப் பார்க்காத ஃபிலிம்

“நெகட்டிவ் வேணும் சார். பதினாலும்.”

சார் தலையைத் தூக்கவில்லை. மேசையில் கறுப்பு வெல்வெட் துணியை விரித்து, பித்தளை லென்ஸ் ஒன்றைக் கழற்றிப் போட்டிருந்தார். ரப்பர் பந்தை அமுக்கி ஒரு வில்லையின் தூசியை ஊதினார், ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார், மறுபடி ஊதினார். அந்த லென்ஸுக்குத் தன் தாத்தாவின் வயது என்று ஸ்டூடியோவுக்கு வருகிறவர்கள் எல்லாரிடமும் சொல்வார். வந்தவர்களும் தாத்தாவையே நேரில் பார்த்ததுபோல், கும்பிடாத குறையாக நின்றுவிட்டுப் போவார்கள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சித்தப்பா என்னை இருட்டறைக்குள் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். அவர் யாருக்கும் சித்தப்பா இல்லை. பிரிண்ட் போடுகிறவர், எல்லாரும் அப்படிக் கூப்பிடுகிறார்கள். “லீவு கேளு, சம்பளத்த கூட்டிக் கேளு, ஏன் திட்டுனீங்கன்னுகூட கேளு. நெகட்டிவ் மட்டும் கேக்காத. கட்டின பொண்டாட்டி தன் நெகட்டிவ கேட்டதுக்கே குடுக்கல இவரு. அந்தம்மா போயிட்டாங்க. நெகட்டிவ் இருக்கு.”

“எந்தப் பதினாலு?” என்றார் சார், வில்லையிடம் பேசுவதுபோல.

“முலாம் கம்பெனியில எடுத்த டெஸ்ட் ஷாட். சின்ன கேமராவுல எடுத்தது.”

“டெஸ்ட யாரும்மா வெச்சிருப்பாங்க. அன்னிக்கே குப்பைக்குப் போயிருக்கும்.”

“சட்டைப் பொத்தான் அறுந்து விழுந்தாகூட டப்பாவுல போட்டு தேதி எழுதி வைக்கிற ஆளு நீங்க. எங்கிட்ட சொல்லாதீங்க.”

இப்போது பார்த்தார். மூன்று வருடத்தில் நான் அவரிடம் இந்தக் குரலில் பேசியதில்லை.

“மூணு மணிக்குக் கமிட்டி சார். எங்கக்கா கை விஷயம். உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்” என்றார். மறுபடி ஊதினார்.

அக்கா வேலை செய்வது முலாம் கம்பெனியில். குளியலறைக் குழாயையும் கதவுக் கைப்பிடியையும் பளபளப்பாக்கி அனுப்புகிற இடம். பித்தளைக் குழாய்களைக் கம்பியில் கோத்து ஒரு தொட்டியில் முக்க வேண்டும், எடுக்க வேண்டும், கழுவ வேண்டும், அடுத்த தொட்டியில் முக்க வேண்டும். கடைசித் தொட்டி குரோம். ஒன்பது வருடமாக அக்கா அந்தத் தொட்டியில் நிற்கிறாள். ரப்பர் கையுறை ஒரு வாரத்தில் கிழியும். அடுத்த ஜோடி மூன்று மாதம் கழித்து வரும். முதலில் விரலிடுக்கு சிவந்தது. பிறகு முழங்கை வரை ஏறியது. பிறகு அந்தச் சிவப்புக்கு நடுவில் குண்டூசித் தலை அளவுக்குப் பள்ளம் விழுந்து, ஆறாமல், ஆழமாகிக்கொண்டே போனது. அந்தக் கையோடுதான் என்னைப் படிக்க வைத்தாள். எங்கள் வீட்டில் காலேஜுக்குப் போன முதல் ஆள் நான். இயற்பியல். ஒளி, நிறம், வில்லை என்று மூன்று வருடம் படித்தேன். படித்ததை எங்கே கொண்டுபோய்ச் செலவழித்தேன் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

ஆஸ்பத்திரி டாக்டர் போன மாதம் சொல்லிவிட்டார். வலது ஆள்காட்டி விரலில் பள்ளம் எலும்பைத் தொடப்போகிறது. இன்னும் ஆறு மாதம் தொட்டியில் நின்றால் விரலை எடுக்க வேண்டியிருக்கும். தொட்டியிலிருந்து என்னை மாற்றுங்கள், கைக்கு வைத்தியம் பாருங்கள் என்று அக்கா கம்பெனியில் கேட்டாள். இந்த நோய் இங்கே வந்தது இல்லை, வீட்டில் என்ன சோப்பைப் போட்டாயோ என்றார்கள். இந்தக் கையோடு உள்ளே விட முடியாது என்றும் சொன்னார்கள். அப்புறம் ஒரு விசாரணைக் கமிட்டி போட்டார்கள். வேலையால் வந்த நோய்தான் என்று கமிட்டி சொன்னால் இடமாற்றமும் வைத்தியமும் கிடைக்கும். இல்லையென்றால் கம்பெனி கேட்டுக்கு வெளியே, அந்தக் கையோடு.

முதல் விசாரணையில் கம்பெனி ஆபீசர் ஒரு தடிமனான புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தார். கம்பெனிக்கு ஐம்பது வருடம் நிறைந்ததற்குப் போட்ட புத்தகம். நடுவில் பதினாலு பக்கங்கள். தொட்டிப் பிரிவில் வேலை செய்கிற பதினாலு பெண்கள், பக்கத்துக்கு ஒருத்தி, கறுப்பு வெள்ளையில். எட்டு மாதம் முன்னால் சார் எடுத்தது. அக்கா ஒரு குழாயை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கை பால் மாதிரி இருக்கிறது. ஒரு புள்ளி கிடையாது. எட்டு மாதம் முன்னால் சுத்தமாக இருந்த கை ஒன்பது வருடத் தொட்டியால் எப்படிக் கெடும் என்று ஆபீசர் கேட்டார். முன்னுரையில் சார் எழுதியிருந்ததைச் சத்தமாக வாசித்தார்: “இவை ஃபிலிமில் எடுக்கப்பட்டவை. இவற்றில் எதுவும் கூட்டப்படவில்லை, எதுவும் குறைக்கப்படவில்லை.”

அக்கா படத்தைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள், பிறகு பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தாள். “போட்டோவுல எல்லாரும் கொஞ்சம் நல்லாத்தான வருவாங்க” என்று மட்டும் கமிட்டியிடம் சொன்னாள். யாரோ சிரித்தார்கள்.

ஏன் அப்படி வந்தது என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

படம் எடுத்த அன்று சார் மரப்பெட்டிக் கேமராவைக் கொண்டுவந்திருந்தார். துருத்தி வைத்தது. பின்னால் இருக்கிற தேய்த்த கண்ணாடியில் ஆள் தலைகீழாகத் தெரிவாள். லென்ஸுக்கு ஷட்டர் கிடையாது. மூடியைக் கையால் எடுத்து, “ஒண்ணு, ரெண்டு” என்று எண்ணி, மறுபடி மூட வேண்டும். அதில் ஒரு ஷீட் ஃபிலிம் வீணானாலும் அவருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தார். பெரிய கேமராவில் எடுப்பதற்கு முன், ஒவ்வொரு ஆளையும் ஒரு சின்ன மடக்குக் கேமராவில் டெஸ்ட் எடுப்பார். அதில் போடுவது ஆர்த்தோ ஃபிலிம். அந்த ஃபிலிம் சிவப்பைப் பார்க்காது. அதனால் சிவப்பு விளக்கின் கீழே தட்டில் போட்டு, உருவம் எழும்புவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே கழுவலாம். வெளிச்சம் சரியா, நிற்கிற விதம் சரியா என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். கழுவுவது என் வேலை.

கம்பெனி ஸ்டோர் ரூம் ஜன்னலில் கறுப்புத் துணி அடித்து, சிவப்பு பல்பு மாட்டி வைத்திருந்தேன். அக்காவின் டெஸ்ட் தட்டில் கிடந்தபோது அவளே வந்து கதவைத் தட்டினாள்.

“உள்ள வரலாமாடி, இல்ல படம் செத்துடுமா?”

“சட்டுனு வந்து மூடு.”

வந்தவள் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினாள். பிறகு, “ஏய், இங்க பாரேன்” என்றாள். இரண்டு கையையும் பல்புக்குக் கீழே நீட்டிக்கொண்டு நின்றாள். சிவப்பு வெளிச்சத்தில் சிவப்பு தெரியாது. தடிப்பும் புண்ணைச் சுற்றி இருந்த வளையமும் தோலோடு தோலாகப் போயிருந்தன. பள்ளங்கள் இருந்தன, கிட்டே போய்ப் பார்த்தால்தான். அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“கல்யாணத்தப்ப இப்படித்தான்டி இருந்துச்சு. நான் இங்கயே குடியிருந்துடட்டுமா? மாமாகிட்ட சொல்லிடு, சோத்த கதவிடுக்குல தள்ளிட்டுப் போகச் சொல்லி.”

“வாடகை யாரு குடுப்பா?”

“படிச்சவ நீதான் குடுக்கணும்.”

நானும் சிரித்தேன். தட்டில் அவள் நெகட்டிவ் தெளிந்துகொண்டிருந்தது. சிவப்பைப் பார்க்காத ஃபிலிமுக்குச் சிவப்பு என்பது வெறும் இருட்டு. அதிலிருந்து பிரிண்ட் போட்டால் ஒவ்வொரு புண்ணும் மைச்சொட்டு மாதிரிக் கறுப்பாக வரும். அதை அவளிடம் நான் சொல்லவில்லை.

“புஸ்தகத்துல என் கை கொஞ்சம் நல்லா வர்ற மாதிரி பண்ணச் சொல்லுடி உங்க சார” என்றாள் போகிறபோது. “நாளைக்கு என் பொண்ணு வளந்து எடுத்துப் பாப்பா. பயந்துடப் போறா.”

வெளியே வந்தால் அங்கேயும் கைப் பேச்சுதான். ஆபீசர் சாரிடம், “இது கம்பெனி புஸ்தகம் சார், ஆஸ்பத்திரி நோட்டீஸ் இல்ல. இந்தக் கையெல்லாம் வரக் கூடாது” என்று சொல்லிக்கொண்டிருந்தார். கையுறை போடச் சொல்லலாம் என்றார் சார். புதுக் கையுறை இப்போது ஸ்டாக் இல்லை என்றார் ஆபீசர், கொஞ்சமும் வெட்கமில்லாமல். பவுடர் பூசலாமா என்று கேட்டார். சார் முகத்தைச் சுளித்தார். பவுடர் பூசினால் அது பொய்யாம். அவர் பொய் எடுக்க மாட்டாராம்.

அப்போது நான் வாயைத் திறந்தேன்.

“ரெட் ஃபில்டர் போட்டா போயிடும் சார். பெரிய கேமராவுல போடுற ஃபிலிம் எல்லா நிறத்தையும் பாக்கும். முன்னாடி சிவப்புக் கண்ணாடி வெச்சா சிவப்பெல்லாம் வெளுத்துடும். தோலு சுத்தமா வரும்.”

யாரும் கேட்காத பதிலை எழுந்து நின்று சொல்கிற வியாதி எனக்குக் காலேஜிலிருந்தே உண்டு. ஆபீசர் என்னை மேலும் கீழும் பார்த்து, “படிச்ச பொண்ணு” என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது. சார் ஒரு நிமிடம் யோசித்தார். பெட்டியைத் திறந்து, சிவப்பு ஃபில்டரை எடுத்து, துணியால் துடைத்து என் கையில் கொடுத்தார். “நீயே மாட்டு.” மாட்டினேன். பதினாலு பேரும் வந்து நின்று போகும்வரை அதைக் கழற்றவில்லை.

புத்தகம் வந்ததும் அக்கா தன் பக்கத்தை வெட்டி ஃபிரேம் போட்டு மாட்டினாள். வருகிறவர்களுக்கெல்லாம், “என் தங்கச்சியும் கூட இருந்து எடுத்தது” என்று காட்டினாள். காட்டும்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

முதல் விசாரணை முடிந்த பிறகு கமிட்டி குமாஸ்தாவைப் பிடித்தேன். அந்தப் படத்தில் ஃபில்டர் போட்டிருக்கிறது, நானே போட்டேன், வந்து சொல்கிறேன் என்றேன். எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தாமலே பதில் சொன்னார். “நீ அவங்க தங்கச்சி. பின்ன என்ன சொல்லுவ?” வேறு படம் இருக்கிறது, பிரிண்ட் கொண்டுவரட்டுமா என்றேன். “பிரிண்டுல என்ன வேணா பண்ணலாமாம், அந்த ஆபீசரே சொல்லிட்டுப் போயிருக்காரு. நெகட்டிவ் இருந்தா கொண்டா. எடுத்தவர் கையெழுத்தோட.”

அதனால்தான் கேட்கக் கூடாததைக் கேட்டுக்கொண்டு நிற்கிறேன்.

“கம்பெனியோட ஒப்பந்தம் இருக்கும்மா” என்றார் சார். “அங்க எடுத்த எதையும் வெளிய குடுக்கக் கூடாது.”

“அப்ப குப்பைக்குப் போகல.”

அவர் வில்லையைத் துணியில் வைத்தார். நான் இருட்டறைப் பக்கம் நடந்தேன். நெகட்டிவ் அலமாரி அங்கேதான். கதவில் சித்தப்பா வந்து மறித்துக்கொண்டு நின்றார், இரண்டு கையிலும் தண்ணீர் சொட்ட.

“இப்ப வேண்டாம்மா. உள்ள ஈரமா இருக்கு.”

“இருட்டறைன்னா ஈரமாத்தான் இருக்கும். நகருங்க சித்தப்பா.”

“என் பேச்ச என்னிக்காவது கேட்டிருக்கியா? இன்னிக்கு ஒரு நாள் கேளேன்.”

அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். வெள்ளை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கொடியில் கிளிப் போட்டு நாலு பிரிண்ட் தொங்கின. ஒவ்வொன்றும் பாதிக் கதவு அகலம். முகம் எதிலும் இல்லை. கை மட்டும். குழாயைப் பிடித்த கை, கம்பியைப் பிடித்த கை. ஒவ்வொரு தடிப்பும் கறுத்து, ஒவ்வொரு பள்ளமும் விளிம்போடு, அடியோடு தெரிந்தது. மூன்றாவது பிரிண்டில் சுண்டுவிரல் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. எனக்கு எண்ணெய் தேய்த்துவிட்ட விரல்.

படம் நன்றாக இருந்தது. அதைச் சொல்லியாக வேண்டும். குழாயின் பளபளப்பு ஒரு பக்கம் வெள்ளி மாதிரி ஒழுகியது, அதைப் பிடித்திருந்த தோல் நிலம் வெடித்த மாதிரி இருந்தது. யாராவது காசு கொடுத்து வாங்கி வரவேற்பறையில் மாட்டுவார்கள். 

சார் பின்னால் வந்து நின்றிருந்தார். “அந்தக் கறுப்பு எப்படி உக்காந்திருக்கு பாத்தியா? இன்னிக்கு இருக்கிற எந்த ஃபிலிமும் இதத் தராது. பதினாலுல இதுதான் முதல்ல நிக்குது.”

“இது எங்கக்கா.”

“தெரியும்மா. அதனாலதான் உங்கிட்ட சொல்றேன்.”

பாராட்டுகிறார். நான் சந்தோஷப்படுவேன் என்று நிஜமாகவே நினைத்திருக்கிறார்.

“எதுக்கு இது?”

“கண்காட்சிக்கு. ஒப்பந்தம் முடிய இன்னும் ரெண்டு வருஷம். முடிஞ்ச அன்னிக்கே வெக்கிறேன். உன் கமிட்டியில அஞ்சு பேரு பாப்பாங்க. இத ஊரே பாக்கும்.”

“ரெண்டு வருஷத்துல இந்த விரல் இருக்காது சார்.”

“படம் இருக்கும்” என்றார். கேலியாகச் சொல்லவில்லை. ஆறுதலாகச் சொன்னார்.

அடிக்கத் தோன்றியது. கைக்கு எட்டுகிற தூரத்தில், படம் கழுவுகிற ஹைப்போ கரைசல் ஜாடி இருந்தது. ஆனால் அடித்துவிட்டுப் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்தால் மூன்று மணிக்கு அங்கே யார் இருப்பார்கள்? கோபத்தை அரைத்து அக்கா கையில் பூச முடியாது.

“சரி சார். நெகட்டிவ் குடுக்க வேண்டாம். நான் கமிட்டியில போய் ஃபில்டர் போட்டதச் சொல்றேன். எடுத்துத் துடைச்சு என் கையில குடுத்தது நீங்கன்னும் சொல்றேன். எதுவும் குறைக்கப்படலன்னு எழுதியிருக்கீங்கல்ல, அந்த வரியயும் வாசிச்சுக் காட்டுறேன்.”

“உன்ன நம்ப மாட்டாங்க.”

“கமிட்டி நம்பாது. உங்க தொழில்ல இருக்கறவங்க நம்புவாங்க. சிவப்புக் கண்ணாடிக் காகிதத்த எடுத்து, அடிபட்ட முட்டி மேல வெச்சுப் பாத்தா சின்னக் குழந்தைக்கும் புரிஞ்சுடும். நாளைக்கு இந்தக் கைய நீங்க மாட்டி வெக்கிறப்ப, இதே கைய வெள்ளையாக்கிக் குடுத்த ஆளுதான இதுன்னு கேப்பாங்க.”

சித்தப்பா தண்ணீர்த் தட்டில் எதையோ தேடுகிற மாதிரிக் குனிந்துகொண்டார். சார் கொடியைப் பார்த்தபடியே நின்றார். அவர் யோசிக்கும்போது உதட்டை உள்ளே மடக்குவார். எக்ஸ்போஷர் கணக்குப் போடும்போது செய்கிற மாதிரியே.

“ஃபில்டர் யாரு யோசனை?”

“என் யோசனை.”

“மாட்டுனது?”

“நான்.”

“அப்ப அதையே எழுதிக் குடு. நீயா யோசிச்ச, நீயா மாட்டுன. எனக்குத் தெரியாதுன்னு மட்டும் ஒரு வரி சேத்துக்கோ.”

“பதினாலு தடவ கேமராவோட கறுப்புத் துணிக்குள்ள தலைய விட்டுப் பாத்தீங்க சார். கண்ணாடி முழுக்க ரத்தச் சிவப்பா தெரிஞ்சிருக்குமே.”

“கமிட்டிக்கு அது தெரியாது.”

“எழுதுனா?”

“பதினாலும் குடுக்கிறேன். என் கையெழுத்துல ஒரு கடிதமும் குடுக்கிறேன். ஃபிலிம் உள்ளத உள்ளபடிதான் எடுத்திருக்கு, இடையில உதவியாளர் கை புகுந்துடுச்சு, தெரிஞ்ச உடனே ஒரிஜினல ஒப்படைக்கிறேன்னு.” சொல்லச் சொல்ல அவர் முகம் தெளிந்தது. அந்தக் கடிதத்தைக் கண்காட்சியில் எந்தப் படத்துக்குக் கீழே மாட்டலாம் என்பதுவரை போயிருப்பார்.

“ஒப்பந்தம்?”

“விசாரணைன்னு வந்து கேட்டா குடுக்கலாம்னு அதுலயே இருக்கு.”

“இது முன்னாடியே தெரியுமா உங்களுக்கு?”

“படிச்சுப் பாத்துட்டுத்தான கையெழுத்துப் போட்டேன்.”

சித்தப்பா நிமிர்ந்தார். “சார், வேண்டாம் சார். இத எழுதிக் குடுத்துட்டா இந்தப் பொண்ண நாளைக்கு எவன் கேமரா பக்கத்துல விடுவான்? கம்பெனிக்காரன் வேற சும்மா இருக்க மாட்டான்.”

“நீ கழுவுற வேலையப் பாரு.”

சித்தப்பா கழுவுகிற வேலையைப் பார்த்தார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் ஆயுளில் சாரை எதிர்த்துப் பேசியது அந்த மூன்று வாக்கியமாகத்தான் இருக்கும்.

சார், “யோசிச்சுச் சொல்லு, அவசரமில்ல” என்று ஆரம்பித்தார். யோசிக்க ஒன்றும் இல்லை. காலையில் அந்தப் படியில் ஏறும்போதே தீர்மானித்துவிட்டுத்தான் வந்திருந்தேன். என்ன கேட்டாலும் கொடுத்துவிட்டு நெகட்டிவோடு இறங்குவது. என்ன கேட்பார் என்று மட்டும்தான் தெரியாமல் இருந்தது.

அவர் மேசையிலேயே உட்கார்ந்து எழுதினேன். வெல்வெட் துணியை ஒரு கையால் தள்ளினேன். ஒரு வில்லை உருண்டது, அவர் பாய்ந்து பிடித்தார். என் கையெழுத்து நன்றாக இருக்கும். அக்கா எட்டாவதோடு நின்றவள். வீட்டில் எந்த மனுவானாலும் என்னிடம்தான் வரும். ரேஷன் கார்டு, மின்சார இணைப்பு, மாமாவின் லைசென்ஸ் எல்லாம் நான் எழுதியது. இதையும் அதே மாதிரி ஓரம் விட்டு, தேதி போட்டு எழுதினேன். ‘புகைப்படக் கலைஞருக்குத் தெரியாமல்’ என்ற இடத்தில் பேனா நின்றது.

“எழுது” என்றார்.

எழுதினேன். ‘கைகளில் இருந்த புண்கள் படத்தில் தெரியக் கூடாது என்ற நோக்கத்துடன் சிவப்பு ஃபில்டரைப் பொருத்தினேன்.’ அந்த வரியை அவர் சொல்லவில்லை, நானாகச் சேர்த்தேன். புண் அன்றைக்கே இருந்தது என்று காகிதத்தில் இருக்க வேண்டும். சார் அதைப் படித்துத் தலையாட்டினார். சாட்சிக் கையெழுத்துக்குச் சித்தப்பாவைக் கூப்பிட்டார். அவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்து, காகிதத்தைப் பார்க்காமல் என்னையும் பார்க்காமல் போட்டுவிட்டுப் போனார். அவர் விரல் பட்ட இடத்தில் மை கொஞ்சம் கலங்கியது.

சார் தன் கடிதத்தை எழுதி முடிக்க அதைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார். இரண்டு தடவை கிழித்துப் போட்டு எழுதினார். பிறகு அலமாரியைத் திறந்து ஒரு தகர டப்பாவை எடுத்தார். கண்ணாடிக் காகித உறைகள், ஒவ்வொன்றிலும் பென்சிலால் தேதி, எண். பெயர் இல்லை. ஒவ்வொன்றாக ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். நெகட்டிவில் முகம் கறுப்பு, மயிர் வெளுப்பு. யாருமே யார் மாதிரியும் இருப்பதில்லை. கையை வைத்துத்தான் ஆள் தெரிந்தது. பாக்கிங் பிரிவிலிருந்து தொட்டிக்கு வந்தவள், இரட்டைப் பிள்ளைக்காரி, பேசவே பேசாத அந்தப் பெரியம்மா. ஒன்பதாவது எங்கள் அக்கா. பதினாலும் இருந்தன. உறையில் போட்டு, கடிதம் இரண்டையும் மேலே வைத்து, ஒட்டினேன்.

“கீறல் விழாம பாத்துக்கோ” என்றார் சார். “ரசீது வாங்கிக்கோ. விசாரணை முடிஞ்ச அன்னிக்கு எல்லாம் இங்க வந்துடணும்.”

“நெகட்டிவ் வரும் சார். நான் வர மாட்டேன்.”

“அப்படி இல்லம்மா. கொஞ்ச நாள் கழிச்சு, எல்லாம் அடங்கினதும்...”

“வர மாட்டேன் சார்.”

சித்தப்பா படி வரைக்கும் கூடவே வந்தார். பின்னால் கதவு திறந்தே இருந்ததால் குரலைத் தாழ்த்தினார்.

“அக்காகிட்ட என்ன சொல்லப் போற?”

“நடந்ததத்தான்.”

“இந்தக் காகிதத்த அவங்க நம்பிடுவாங்களேம்மா. அதுல இருக்கறது பொய்யின்னு அவங்ககிட்ட மட்டுமாவது சொல்லு.”

“ஒரு வரிதான் சித்தப்பா பொய். அத அவ தாங்கிப்பா. மத்த வரியெல்லாம் நிஜம், அதத்தான் எப்படித் தாங்குவான்னு தெரியல.”

  மணி ஒன்றரை. அக்கா இரண்டு மணிக்கே போய் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவாள். மாமா வேலையை விட்டு வர முடியாது, தனியாகத்தான் இருப்பாள். மூன்று மணிக்கு ஆபீசர் என் கடிதத்தை எடுத்து, முன்னுரையை வாசித்த அதே குரலில் வாசிப்பார். அதற்கு முன்னால் அவள் அதை என் வாயிலிருந்து கேட்க வேண்டும். உன் கையைச் சுத்தமாக்கியது நான்தான், நீ கேட்டாய் என்பதற்காக மட்டும் இல்லை, படிச்ச பொண்ணு என்று ஒருவன் சொல்வதற்காகவும்தான் என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசுவாளா என்பது அவள் பாடு. விரல் பிழைத்தால் போதும்.

உறையைச் சட்டைக்குள் விட்டு, வயிற்றோடு அமுக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.